சுவக்கீனுக்கு இருநூற்றுப் பதினான்கு லாரி மண்

பாரிட் கெலாடி, பொந்தியான்
10 பிப்ரவரி 2025

ஜாக்லினுக்கு,

முதலில் "அன்புள்ள" என்று எழுதினேன். பிறகு அடித்தேன். அடித்த தாளை அனுப்புவது முறையல்ல என்பதால் இது இரண்டாவது தாள்.

சென்ற ஜூலையில் திருவிழா முடிந்த அன்று, இனி உன்னோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று புனித சுவக்கீன் சுரூபத்தின் முன்னால் சொன்னேன். உன் அக்கா கிறிஸ்டின் பக்கத்தில் நின்று கேட்டாள். அதனால் மாற்ற வழியில்லை. எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. முப்பத்து மூன்று வருடம் தபால் நிலைய முகப்பில் உட்கார்ந்தவன் அப்படி ஒரு சத்தியம் செய்யமாட்டான்.

சென்ற வெள்ளிக்கிழமை மாவட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நம் சிற்றாலயத்தின் ஒரு மூலை எதிர் மூலையைவிட இருபத்திரண்டு சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கிறதாம். ஜூலை 11-ஆம் தேதிக்குள் ஒரு பொறியாளரின் அறிக்கை வேண்டும். அதற்கு முந்தைய ஆறு வாரத்தில் கட்டடம் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் இறங்கவில்லை என்று அளந்து காட்டவும் வேண்டும். இல்லாவிட்டால் கதவுக்கு முத்திரை. முத்திரை விழுந்தால் அதோடு முடிந்தது. நாற்பது குடும்பத்துக்குப் புதிய கோயில் யாரும் கட்டித் தரப்போவதில்லை. எல்லோரும் டவுன் கோயிலுக்கு வாருங்கள் என்று சொல்லிவிடுவார்கள். பதினெட்டு வருடம் செயலாளராக இருந்து, கடைசியில் சாவியைக் கொடுத்தவன் என்று என் பெயர் நிற்கும்.

பொறியாளர் வேண்டும் என்றதும் ஃபாதர் உன் பெயரைச் சொன்னார். நான் வேறு பெயர்களைச் சொன்னேன். அவர்கள் யாருக்கும் நம் ஊர் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை.

நீ அன்று செய்ததை மறந்திருக்கலாம். ஒவ்வொரு திருவிழாவுக்கும் முன்னால் ஏழெட்டுக் குடும்பங்கள் இறந்தவர்கள் நினைவாக ஆளுக்கு ஒரு லாரி செம்மண் கொண்டு வந்து கோயில் வளாகத்தில் கொட்டுவது நம் வழக்கம். மழைக்காலத்தில் வளாகம் தண்ணீரில் நிற்காமல் இருக்க அதுதான் வழி. 1996 முதல் கொடுத்தவர்கள் பெயரையெல்லாம் செதுக்கிய பளிங்குப் பலகையை நான் திரை விலக்கித் திறந்தேன். நாற்பது குடும்பமும் கை தட்டியது. அந்த நேரம் பார்த்து, "அத்தான், இந்த மண்ணுதான் கோயில முக்குது" என்று ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் நின்று சொன்னாய். சாலையில் பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

புனித சுவக்கீன் மாதாவின் தகப்பனார். அவர் மனைவி அன்னம்மாளுக்கு புக்கிட் மெர்தாஜாமில் நாடே திரளும் திருவிழா. மனிதருக்கு நம் நாற்பது குடும்பத்தை விட்டால் இந்தப் பக்கம் வேறு ஆளில்லை. அவருக்காக வருவாயா என்று மட்டும் எழுது.

கேப்ரியல்
(செயலாளர்)


தம்போய், ஜொகூர் பாரு
17 பிப்ரவரி 2025

மதிப்பிற்குரிய அத்தான்,

ஒலிவாங்கி அணைந்திருக்கிறது என்று நினைத்தேன். வருத்தப்படுவது அதற்காக மட்டும்தான். சொன்னதற்காக அல்ல.

உங்களுக்கு எழுதினால் பதில் வரும் என்று தெரிந்திருந்தால் ஏழு மாதம் முன்பே எழுதியிருப்பேன். அக்கா கைப்பேசியில், "அத்தான் உன் பேர எடுத்தா டிவி சத்தத்த கூட்டி வெச்சிடறாரு" என்று சொன்னதால் சும்மா இருந்தேன்.

என் வேலை என்னவென்று இருபது வருடமாக நம் குடும்பத்தில் யாருக்கும் புரியவில்லை. குப்பைமேட்டிலிருந்து கசியும் தண்ணீர் கிணற்றுக்குப் போகாமல் பார்ப்பது, மலைச்சரிவு வீட்டின் மேல் வராமல் பார்ப்பது, இளகிய மண்ணில் கட்டியது நிற்கும்படி பார்ப்பது. அக்கா இதையெல்லாம் சுருக்கி, "தங்கச்சி மண்ணு பாத்து சொல்லுவா" என்று சொல்லப்போய், போன தீபாவளிக்கு ஒருவர் என்னிடம் வீட்டுப் பத்திரமும் ஜாதகமும் கொண்டு வந்தார்.

உங்கள் ஊர் நிற்பது காம்புட் என்கிற கரிமண்ணில். அன்னாசிக்கு நல்லது, கோயிலுக்கு ஆகாது. காய்ந்த இலையும் வேரும் ஆயிரக்கணக்கான வருடம் மட்கித் தண்ணீரோடு கிடப்பது அது. பத்துப் பங்கில் ஒன்பது பங்கு தண்ணீர். மேலே பாரம் வைத்தால் தண்ணீர் பிதுங்கி வெளியேறும், தரை இறங்கும். இறங்கியதென்று நீங்கள் செம்மண் கொட்டுகிறீர்கள். அந்தப் பாரத்தில் இன்னும் இறங்குகிறது. அடுத்த ஜூலையில் இன்னும் கொட்டுகிறீர்கள். சுற்றியுள்ள தரை போகும்போது கோயிலின் மரத்தூண்களையும் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. இருபத்தெட்டு வருடமாக நீங்கள் இதைத் தவறாமல் செய்திருக்கிறீர்கள்.

வருகிறேன். ஆனால் நீங்கள் பேசாத ஊரில் எனக்கு என்ன வேலை? இப்போதைக்கு எழுத்திலேயே நடக்கட்டும். இரண்டு நிபந்தனை. ஒன்று, இந்த வருடம் ஒரு கூடை மண்கூட வரக்கூடாது. இரண்டு, வாரம் ஒருமுறை நீங்கள் அளந்து எழுத வேண்டும். அக்காவிடம் ஒரு இரும்புத் தகடு கொடுத்தனுப்புகிறேன். நடுவில் குழாய் நிற்கும். செம்மண்ணைத் தோண்டித் தகட்டைக் கரிமண் மேல் வைத்து மூடுங்கள். குழாயின் தலை வெளியே தெரியும். அது வாரம் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து குறியுங்கள். உங்களைவிடக் கச்சிதமாக அளக்கக்கூடிய ஆள் எனக்குத் தெரியாது. இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளலாம்.

ஜாக்லின்


பாரிட் கெலாடி
24 மார்ச் 2025

ஜாக்லினுக்கு,

ஐந்து வார அளவு கீழே.

முதல் வாரம்: இறக்கம் இல்லை.
இரண்டாம் வாரம்: இல்லை.
மூன்றாம் வாரம்: இல்லை.
நான்காம் வாரம்: இல்லை.
ஐந்தாம் வாரம்: இல்லை.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை எட்டு மணிக்கு, எஃகு அளவுகோலால், மூக்குக்கண்ணாடி போட்டு ஒருமுறையும் போடாமல் ஒருமுறையும் அளந்தேன். நான்காம் வாரம் மழை. கிறிஸ்டின் குடை பிடித்தாள். அரை மில்லிமீட்டர்கூட இல்லை.

பலகையில் பெயர் உள்ள அனைவருக்கும் இதைத் தெரிவித்துவிட்டேன். தவக்காலம் என்பதால் நான் எதுவும் கொண்டாடவில்லை. அமலோற்பவம் அக்கா மட்டும் பூசை முடிந்து வெளியே வந்து, "படிச்சவங்க சொன்னா எல்லாம் சரியா இருக்கணும்னு இல்லலா" என்று பொதுவாகச் சொன்னார். நான் பெயர் எதுவும் குறிப்பிடவில்லை.

மண் நிற்கிறது. கோயில் வேறு காரணத்தால் இறங்குகிறது. அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்து அறிக்கை எழுதித் தருவாய் என்று நம்புகிறேன்.

கேப்ரியல்


தம்போய்
27 மார்ச் 2025

மதிப்பிற்குரிய அத்தான்,

எதிலிருந்து அளந்தீர்கள்?

ஜாக்லின்


பாரிட் கெலாடி
1 ஏப்ரல் 2025

ஜாக்லினுக்கு,

கோயில் படியிலிருந்து. படியின் மேல்விளிம்பில் நூல் கட்டி, ரசமட்டம் வைத்து, குழாயின் தலைவரை. வேறு எதிலிருந்து அளப்பார்கள்?

கேப்ரியல்


தம்போய்
4 ஏப்ரல் 2025

மதிப்பிற்குரிய அத்தான்,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் படித்தேன். பக்கத்து மேசையில் இருப்பவர் எனக்குத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்.

படியும் இறங்குகிறது, அத்தான். குழாயும் இறங்குகிறது. இரண்டும் ஒன்றாக இறங்கினால் இடைவெளி மாறாது. ஒரே படகில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் அளந்து, படகு நகரவில்லை என்று ஐந்து வாரம் எழுதினால் எப்படியோ அப்படி. மூக்குக்கண்ணாடியோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை.

நகராத ஒன்றிலிருந்து அளக்க வேண்டும். கால்வாய் மேல் இருக்கும் பாலத்தின் தூண்கள் கரிமண்ணைத் தாண்டிக் கெட்டி மண் வரை போகின்றன. வரைபடத்தைப் பார்த்து உறுதி செய்துவிட்டேன். பாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஒரு கோடு போடுங்கள். கோயிலின் தாழ்ந்த மூலையில் ஒரு கோடு. கொத்தனார் அய்யாவுவிடம் தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய் இருக்கும். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதை வைத்து இரண்டு கோட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறியுங்கள். தகட்டை விட்டுவிடுங்கள்.

அமலோற்பவம் அக்காவிடம் எதுவும் சொல்ல வேண்டாம். தவக்காலம்.

ஜாக்லின்


பாரிட் கெலாடி
28 ஏப்ரல் 2025

ஜாக்லின்,

உன் பிப்ரவரி 17 கடிதத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். "அது வாரம் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து குறியுங்கள்" என்று இருக்கிறது. எதிலிருந்து என்று இல்லை. முகவரி எழுதாத கடிதம் போய்ச் சேராவிட்டால் தபால்காரரைக் குறை சொல்லமுடியாது. இதைப் பதிவுக்காகச் சொல்கிறேன்.

அய்யாவுவின் குழாய் நாற்பது மீட்டர். ஒரு முனையில் அவர், பாலத்தில் நான். முதல் நாள் தண்ணீரில் காற்றுக்குமிழி இருந்தது. அதை நான்தான் கண்டுபிடித்தேன். மூன்று வாரத்தில் கோயில் மூலை ஏழு மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது. நான் அய்யாவுவை மூன்றுமுறை அளக்கச் சொன்னேன். மூன்றாவது முறை அவர், "சார், இது தண்ணி. இதுக்கு உங்க மேல கோவமும் இல்ல, தங்கச்சி மேல பாசமும் இல்ல" என்றார்.

ஆறு வாரத்துக்குக் கணக்குப் போட்டால் பதினான்கு. அனுமதி ஐந்து.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு கூட்டம் போட்டு, மண்ணை எடுக்க வேண்டியிருக்கும் என்று சொன்னேன். யாரும் எழுந்து போகவில்லை. எழுந்து போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அமலோற்பவம் அக்கா: "எங்க வீட்டுக்காரர் பேர்ல ஏழு லாரி. அதுல ஒரு கூடை வெளிய போனாலும் அவரு என் கனவுல வந்து நிப்பாரு."

"வந்து என்னக்கா சொல்லுவாரு?"

"உசுரோட இருக்கும்போதே ஒண்ணும் சொன்னதில்ல."

வீட்டுக்கு வந்தால் கிறிஸ்டின். "எங்க அம்மா பேர்ல போட்ட மண்ண நீங்க எடுத்து எங்க போடப் போறீங்க? சாக்கடையிலயா?" உங்கள் அம்மா நினைவாக வந்தது மூன்று லாரி. சோறு ஆறிப்போனது.

நீ அனுப்பிய அறிக்கை வரைவில் செம்மண்ணின் உயரம் ஒரு மீட்டர் பத்து என்று எழுதியிருக்கிறாய். பலகையில் மொத்தம் இருநூற்றுப் பதினான்கு லாரி. இது உனக்குத் தேவையா என்று தெரியவில்லை. இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

கேப்ரியல்


தம்போய்
2 மே 2025

அன்புள்ள அத்தான்,

தேவை. மிகவும் தேவை.

லாரிக்கு ஐந்து கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால், உங்கள் வளாகத்தின் பரப்புக்கு இரண்டு மீட்டருக்குமேல் வருகிறது. நான் ஒரு மீட்டர் பத்து என்று எழுதியது, போன ஜூலையில் சாலை மட்டத்திலிருந்து கண்ணால் பார்த்ததை வைத்து எழுதியது. மீதி எல்லாம் தன் எடையாலேயே கரிமண்ணுக்குள் அமிழ்ந்து கண்ணில் படாமல் கிடக்கிறது. ஆக, கோயிலைச் சுற்றி இருக்கும் பாரம் நான் நினைத்ததைப்போல இரண்டு மடங்கு. இதைத் தெரியாமல் அறிக்கை கொடுத்திருந்தால், பாதி மண்ணை எடுத்துவிட்டு ஏன் இன்னும் இறங்குகிறது என்று ஜூலையில் இரண்டு பேரும் விழித்துக்கொண்டு நின்றிருப்போம்.

துளைபோட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஊர்க்கோயில்தானே என்று போடவில்லை. பதிவுக்காகச் சொல்கிறேன்.

எந்த வருடம் எத்தனை லாரி என்று இவ்வளவு தெளிவாகக் கல்லில் வெட்டி வைத்த ஒரு தளத்தை என் வேலையில் இதுவரை பார்த்ததில்லை. பலகையில் உள்ளதை அப்படியே எழுதி அனுப்புங்கள். வருடம், எண்ணிக்கை, எந்தப் பக்கம் கொட்டியது என்று நினைவிருந்தால் அதுவும்.

வேலை இதுதான். ஓர் அடி மட்டும் விட்டுவிட்டு மற்ற செம்மண் முழுவதும் வெளியே போக வேண்டும். அந்த ஓர் அடி கட்டாயம் இருக்க வேண்டும்; கரிமண் வெயில் பட்டுக் காய்ந்தால் சுருங்கும், நெருப்புப் பிடித்தால் நாள்கணக்கில் புகையும். நான்கு பக்கமும் சமமாக எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் வளாகத்தில் தண்ணீர் நிற்கும். நிற்கட்டும். கதவு வரை பலகைப் பாதை போட்டுக்கொள்ளலாம், பலகை அழுத்தாது. எடுத்த மண்ணைச் சாக்கடையில் போட வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லுங்கள். பொந்தியான் கடலோரத்தில் மீனவர் குடியிருப்புப் பக்கம் மண்கரை உடைந்து, பெரிய அலை நாளில் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. கரையைச் சரிசெய்பவர்களிடம் பேசினேன். நம் செம்மண் அவர்களுக்கு வேண்டும். அங்கே அடியில் இருப்பது வேறு மண்; தாங்கும்.

ஆனால் நாற்பது குடும்பத்தைச் சம்மதிக்க வைப்பது என் படிப்பில் இல்லை.

ஜாக்லின்


பாரிட் கெலாடி
8 மே 2025

ஜாக்லின்,

பலகையை எழுதி முடித்துவிட்டேன். ஏழு தாள். தனி உறையில் வருகிறது. மிதிபலகையில் நின்று மேல் வரிசையிலிருந்து எழுதினேன். 2009-ஆம் வருட வரிசைக்கு வந்தபோது இறங்கிக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி ஏறினேன்.

"ஜாக்லின், தம்போய். இரண்டு லாரி."

கிறிஸ்டினைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். அவளும் இரண்டு என்றுதான் படித்தாள். இதைப்பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. தாள் நான்கு, வரிசை ஆறு.

மற்றது. செவ்வாய்க்கிழமை மறுபடி கூட்டம். மண்ணை அகற்றுவது என்று சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் இப்படிச் சொன்னேன்: நம் இறந்தவர்கள் நினைவாக வந்த மண் இருபத்தெட்டு வருடம் இங்கே தண்ணீரைத் தடுத்தது. இப்போது கடலோரத்தில் மனிதர்கள் வீட்டுக்குள் அலை வருகிறது. யார் யார் எத்தனை லாரி கொடுத்தார்களோ, அத்தனை லாரியை அவரவர் பெயரிலேயே அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கலாம். இதுவும் காணிக்கைதான்.

அமலோற்பவம் அக்கா கேட்டார்: "எங்க வீட்டுக்காரர் ஏழும் முதல்ல போகுமா?"

அதற்குப் பிறகு யார் முதலில் என்பதுதான் தகராறு. நான் வரிசை எண் கொடுக்க வேண்டியதாயிற்று. அஞ்சல் நிலையத்தில் கொடுப்பதுபோல, ஒரு சீட்டில் எண், பெயர், லாரி எண்ணிக்கை. லாரி சுகுமாறனுடையது. அவர், "மாமா, இருபது வருசமா இங்க மண்ணு கொண்டாந்து கொட்டுனவன் நானு. இப்ப நானே அள்ளிட்டு போறேன். கடவுள் எனக்கு எப்படியும் வேலை குடுத்துடறாரு" என்றார்.

சனிக்கிழமை தொடங்குகிறோம்.

கேப்ரியல்


தம்போய்
12 மே 2025

அன்புள்ள அத்தான்,

எழுதப்போவதில்லை என்று சொல்லி வரிசை எண் வரை எழுதியிருக்கிறீர்கள். சரி.

2009-இல் நான் பொறியாளர் தகுதித் தேர்வு எழுதினேன். முதல் முறை தவறிவிட்டது. இரண்டாம் முறை தேறினால் சுவக்கீனுக்கு இரண்டு லாரி மண் என்று நேர்ந்துகொண்டேன். தேறினேன். அந்தத் தேர்வில் கரிமண்ணின் மேல் பாரம் ஏற்றினால் என்ன ஆகும் என்று ஒரு கேள்வி வந்தது. முழுமதிப்பெண். அதற்கு அடுத்த சனிக்கிழமை லாரியோடு வந்து கொட்டினேன். தெரிந்தேதான் கொட்டினேன். இரண்டு லாரியில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள் போலிருக்கிறது.

போன வருடம் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் நின்றபோது என் பெயர் பலகையில் கண்ணில் பட்டது. அதனால்தான் சத்தமாகச் சொன்னேனோ என்னவோ.

கூட்டத்தில் நீங்கள் சொன்னதை என் மேலாளரிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். மக்கள் ஒத்துழைப்பு என்று எங்கள் அறிக்கைகளில் ஓர் அத்தியாயம் வரும். எப்போதும் இரண்டு பக்கத்தில் முடித்துவிடுவோம். அவர் உங்கள் தொலைபேசி எண்ணைக் கேட்டார். நீங்கள் பேசமாட்டீர்கள் என்றேன்.

என் இரண்டு லாரிக்கும் சீட்டு கொடுங்கள். ஓர் அடியை மறக்காதீர்கள்.

ஜாக்லின்


பாரிட் கெலாடி
22 மே 2025 — விரைவு அஞ்சல்

ஜாக்லின்,

மண் தீர்ந்துவிட்டது.

இன்று காலை பதினொரு மணிக்கு ஓர் அடிக் குறியைத் தொட்டோம். கையில் இன்னும் பதினொரு குடும்பத்தின் சீட்டு இருக்கிறது. நான் கணக்கில் விட்ட இடம் இதுதான்: எல்லோரும் தாங்கள் கொட்டிய அத்தனையையும் எடுப்பார்கள் என்று சீட்டு எழுதினேன்; கீழே விட வேண்டிய ஓர் அடியைக் கழிக்கவில்லை. அந்த ஓர் அடி முப்பது லாரி. அது முழுவதும் கடைசி எண்காரர்கள் தலையில் விழுந்தது.

அவர்கள் போகமாட்டேன் என்கிறார்கள். "மத்தவங்க அப்பால்லாம் கடலுக்கு போயிட்டாங்க, எங்க அப்பா மட்டும் இங்கயே கெடக்கணுமா?" என்கிறார்கள். பகல் உணவுக்கு நான் வீட்டுக்குப் போன நேரத்தில் ஒருவர் மண்வெட்டியோடு இறங்கி, மேற்குப் பக்கம் நான்கு முழ நீளத்துக்குக் கறுப்பு மண்ணையே தோண்டிவிட்டார். பள்ளத்தில் தண்ணீர் ஊறுகிறது. பதினொரு குடும்பமும் அதைச் சுற்றி நின்று பார்க்கிறது. அய்யாவுவை மண்வெட்டிகளுக்குக் காவல் வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

உன் 2009 சீட்டு அந்தப் பதினொன்றில் இல்லை. அதை முதல் நாளே அனுப்பிவிட்டேன்.

என்ன செய்வது?

கேப்ரியல்


தம்போய்
24 மே 2025 — விரைவு அஞ்சல்

அன்புள்ள அத்தான்,

நேற்று உங்கள் கடிதம் கைக்கு வந்ததும் அக்காவை அழைத்தேன். அக்கா கைப்பேசியை மேசைமேல் வைத்தாள். நான் கேட்டேன்; நீங்கள் தாளில் எழுதி நீட்டினீர்கள்; அக்கா வாசித்தாள். இருபது நிமிடம். இடையில் அக்கா, "எழுத்து புரியல, தெளிவா எழுதுங்க" என்று உங்களைத் திட்டியதும் எனக்குக் கேட்டது. அதில் முடிவானதை முறைப்படி எழுதிவைக்கிறேன்.

தோண்டிய பள்ளத்தைத் தோண்டிய அதே கறுப்பு மண்ணால் உடனே மூடுங்கள். வேறெதுவும் போடாதீர்கள்.

பதினொரு குடும்பத்துக்கும் வேறு வேலை இருக்கிறது. பாரத்தை எடுத்தது பாதி வேலைதான். கோயிலுக்குப் பின்னால் ஓடும் கால்வாய் வறண்ட மாதங்களில் கரிமண்ணிலிருந்து தண்ணீரை உறிஞ்சுகிறது. தண்ணீர் போனால் பாரம் இல்லாமலே தரை இறங்கும். கால்வாயில் ஒரு பலகைத் தடுப்பு வைத்து, தண்ணீர் மட்டம் தரைக்கு ஒன்றரை அடிக்குக் கீழே போகாமல் காக்க வேண்டும். வடிகால் அலுவலகத்தில் அனுமதி கேட்டிருக்கிறேன், தருவார்கள். மழை வந்தால் ஒரு பலகையை உருவ வேண்டும், வெயில் வந்தால் சொருக வேண்டும். யாராவது தினமும் பார்க்க வேண்டும். வருடம் முழுவதும், எத்தனை வருடம் ஆனாலும். மாதத்துக்கு ஒரு குடும்பம். மண் கொட்டுவது அரை மணி நேர வேலை, அத்தான். இது அப்படியில்லை. இதைச் செய்பவர்கள் கொடுப்பது பெரிது என்று நீங்கள்தான் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். எனக்குச் சொல்லத் தெரியாது. ஒலிவாங்கி கிடைத்தால் வேறு மாதிரி வந்துவிடும்.

மே 30-ஆம் தேதி வெள்ளிக்கிழமை முதல் அளவு. ஜூலை 11 வெள்ளிக்கிழமை கடைசி அளவு. ஆறு வாரம். மாவட்ட அலுவலகத்திலிருந்தும் இரண்டு நாளும் ஒருவர் கருவியோடு வருவார்.

ஜாக்லின்


பாரிட் கெலாடி
12 ஜூலை 2025

அன்புள்ள ஜாக்லின்,

நேற்று வந்தது ஒரு பெண். பெயர் ஷாமளா. பத்து பாகாட்டில் பிறந்தவளாம். முக்காலிமேல் ஒரு கருவியை நிறுத்தி, பாலத்துக் கோட்டையும் கோயில் கோட்டையும் பார்த்தாள். முதல் வாரம் வந்து பார்த்துக் குறித்துப் போனதும் அவள்தான். வளாகத்தில் அமலோற்பவம் அக்கா உட்பட முப்பது பேர். ஜூன் மாதத்துக் குடும்பம் கால்வாய்ப் பலகைக்குப் பக்கத்தில் தங்கள் முறை முடிந்தும் நின்றிருந்தார்கள். ஜூலைக் குடும்பத்தை அவர்கள் நம்பவில்லை.

அவள் கருவியிலிருந்து நிமிர்ந்து, "நாலு மில்லிமீட்டர், அங்கிள். அஞ்சுக்கு உள்ள இருக்கு. சரியா போச்சு" என்றாள்.

பின்னால் யாரோ கை தட்டினார்கள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"நாலு இல்லம்மா. அஞ்சு" என்றேன்.

"என்ன அங்கிள்?"

என் தாளைக் காட்டினேன். முதல் வாரம் இரண்டு. இரண்டாம் வாரம் ஒன்று. மூன்றாம் வாரம் ஒன்று. நான்காம் வாரம் ஒன்று. பிறகு இரண்டு வாரம் ஒன்றுமில்லை. கூட்டினால் ஐந்து. நான்காம் வாரத்தில் அய்யாவுவும் நானும் ஆறுமுறை அளந்தோம்.

"அங்கிள், உங்களது தண்ணிக் குழாய். எங்களது மெஷின்."

"முதல் வாரம் நீங்க வந்தப்ப முக்காலிய எங்க வெச்சீங்க?"

அவள் காட்டினாள். பாலத்தில் அல்ல, வளாகத்துக்கு உள்ளே, நான்கு முழம் மூடிய அதே கறுப்பு மண்ணின் மேல். நேற்றும் அங்கேதான் வைத்திருந்தாள். "நீங்க அளக்கும்போதே முக்காலி கால் அழுந்துதும்மா. அய்யாவு, நீ பாத்தியா இல்லியா?" அய்யாவு பார்த்ததாகச் சொன்னார்.

கிறிஸ்டின் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நாலுன்னு சொல்றப்ப ஏங்க வாய வெக்கறீங்க? அவ போயிடட்டும்." அமலோற்பவம் அக்கா, "அலமாக், இந்த மனுசன் கோயிலுக்கு பூட்டு வாங்கி தரப்போறாரு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். ஐந்து என்றால் அனுமதி, ஆறு என்றால் முத்திரை. எனக்கும் தெரியும். முக்காலியை நகர்த்தி அளந்தால் ஆறுகூட வரலாம். ஆனாலும் ஐந்து வாரம் படியிலிருந்து அளந்து ஊரெல்லாம் சொன்னவன் நான். மறுபடி ஒரு தப்பான எண்ணைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

ஷாமளா முக்காலியைத் தூக்கிக்கொண்டு பாலத்துக்கு நடந்தாள். முப்பது பேரும் பின்னால் நடந்தோம். அவள் முதல் வாரக் குறிப்பைத் தூக்கிப்போட்டுவிட்டு, பாலத்துக் கோட்டிலிருந்து கோயில் கோடு வரை புதிதாக எடுத்து, அதை மே 30-இல் நான் எழுதிய எண்ணோடு வைத்துப் பார்த்தாள். கழித்தாள். மறுபடி கழித்தாள்.

"அஞ்சு" என்றாள்.

"அஞ்சுன்னே எழுதுங்கம்மா" என்றேன்.

எழுதினாள். தாளை உன் அறிக்கையோடு சேர்த்து, கீழே கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினாள். அது அந்த முத்திரை இல்லை. அனுமதி முத்திரை. எந்த அளவை நம்பி ஐந்து என்று எழுதினாள் என்று யோசித்துப் பார்த்தேன். என்னுடையது. கிறிஸ்டினிடம் சொன்னேன். "தெரியும், நேத்துலேர்ந்து அதையேதான் சொல்லிக்கிட்டு இருக்கீங்க" என்றாள்.

திருவிழா 26-ஆம் தேதி, சனிக்கிழமை. பலகைப் பாதை போட்டாகிவிட்டது. நடந்தால் கொஞ்சம் ஆடுகிறது. பூசைக்குப் பிறகு கால்வாய்ப் பலகை எதற்கு என்று ஒருவர் எல்லோருக்கும் விளக்க வேண்டும். ஃபாதர் என்னைச் சொல்லச் சொன்னார். நான் உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். ஒலிவாங்கி வேலை செய்கிறதா என்று நான் முன்னதாகவே பார்த்துவைப்பேன்.

சத்தியம் சத்தியம்தான், அதனால் நீ வந்ததும் நான் எதுவும் கேட்கமாட்டேன். சாப்பிட்டாயா என்பதைக் கிறிஸ்டின் கேட்பாள். பதிலை எனக்குக் கேட்கும்படி சொல்.

கேப்ரியல்